கறுப்புக் கண்ணாடிக் கூரை வெயிலைத் தடுக்குமா? புதிய கார் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பிறகு ஏ9 வீதியில் ஓடும் வாகனங்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. கூரையின் பெரும்பகுதி தகடாக இல்லாமல் கறுப்புக் கண்ணாடியாக இருக்கும் புதிய கார்கள் வருகின்றன. அவற்றில் பல மின்சாரக் கார்கள். 2022 இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்ற சனங்கள், பெற்றோல் தேவையில்லாத வாகனத்தை ஆவலோடு பார்ப்பதில் வியப்பில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசு, காணி விற்ற காசு, லீசிங் என்று பலதையும் சேர்த்துத்தான் எங்கள் பக்கத்தில் ஒரு கார் வாங்கப்படுகிறது. வாங்கிய பின் மாற்றுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

உறவினர்களுக்குத் துணையாக இரண்டு மூன்று விற்பனை நிலையங்களுக்கு அண்மையில் நான் போயிருந்தேன். கூரைக் கண்ணாடியைக் காட்டி, “இதால வெயில் இறங்காதா?” என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: “இது கறுப்புக் கண்ணாடி, வெயில் வராது.” இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. கறுப்பு நிறம் கண்கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் வெக்கையைத் தடுப்பது கறுப்பு நிறத்தின் வேலையல்ல. அது வேறொரு பொருளின் வேலை. அந்தப் பொருள் கண்ணாடிக்குள் இருக்கிறதா இல்லையா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும்.

தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்த விடயம்

2009 க்குப் பிறகு மீள்குடியேறி, தகரக் கொட்டில்களில் மாதக்கணக்கில் அல்லது வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு இந்த விஞ்ஞானத்தைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. மத்தியான நேரம், கதவு திறந்திருக்கும், காற்றும் கொஞ்சம் வரும். ஆனாலும் உச்சந்தலை எரியும். விசிறியால் விசிறினாலும் அந்த எரிவு அடங்காது. அங்கே தலையைச் சுட்டது காற்று மட்டுமல்ல. வெயிலில் காய்ந்த தகரம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களைக் கீழ்நோக்கி வீசுகிறது. அடுப்புக்கு எதிரே நின்றால் முகம் சுடுவதைப் போன்றது இது. இடையிலுள்ள காற்று சூடாக வேண்டிய அவசியமே இல்லை.

அதே தகரத்தின் மேல் கிடுகோ பனையோலையோ போட்டவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார்கள். வெயில் தகரத்தைத் தொடுவதற்கு முன்பே மறிக்கப்பட்டதுதான் காரணம். ஓலையைத் தகரத்துக்குக் கீழே கட்டினாலும் பயன் உண்டு, ஆனால் மேலே போட்ட அளவுக்கு இல்லை.

காரின் கண்ணாடிக் கூரைக்கும் இந்த இரண்டு பாடங்களும் அப்படியே பொருந்தும். உள்ளே இருக்கும் காற்றைக் குளிராக்கினால் மட்டும் வெக்கை தீராது. வெயிலை எவ்வளவு வெளியே வைத்து மறிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

வெயிலில் பாதி கண்ணுக்குத் தெரியாதது

நிலத்தை வந்தடையும் சூரிய சக்தியில் நாற்பது வீதத்துக்குச் சற்றுக் கூடுதலானதுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி. கழியூதாக் கதிர்கள் ஏறத்தாழ ஐந்து வீதம். எஞ்சிய பாதியளவு, பாடசாலையில் செங்கீழ்க் கதிர்கள் என்று படித்தோமே, அதுதான். கண் அதைக் காணாது, தோல் மட்டுமே உணரும்.

முகில் இல்லாத நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் சூரிய சக்தி ஏறத்தாழ 1000 வாட். உடுப்பு அழுத்தும் மின் அயன் ஒன்று எடுக்கும் சக்தியும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். பெரிய கண்ணாடிக் கூரை ஒரு சதுர மீற்றரையும் தாண்டும். அதாவது உங்கள் தலைக்கு மேலே ஒரு அயன் நாள் முழுக்கப் போட்டபடி இருக்கிறது. அதில் எத்தனை வீதம் உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி.

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி ஒளியின் பெரும்பகுதியை உள்ளே விடாது. ஆனால் மறிக்கப்பட்ட சக்தி மறைந்துபோவதில்லை. கண்ணாடி அதை உறிஞ்சித் தானே சூடாகிறது. சூடான கண்ணாடி மேலும் கீழும் வெப்பத்தை வீசுகிறது. கார் ஓடும்போது மேலே அடிக்கும் காற்று ஒரு பகுதியைக் கொண்டுபோய்விடும். சந்தியில், ரயில் கடவையில், வைத்தியசாலை வாசலில் நிற்கும்போது அந்த உதவியும் இல்லை. அப்போது கறுப்புக் கண்ணாடி, தகரக் கூரை செய்ததையே செய்கிறது.

உள்ளே வந்த வெயில் திரும்பிப் போகாததற்கும் கண்ணாடியே காரணம். சூரியனிலிருந்து வரும் கதிர்களைக் கண்ணாடி உள்ளே விடும். அவை ஆசனத்தையும் டாஷ்போர்டையும் சூடாக்கியதும் அந்தப் பொருட்கள் வீசும் வெப்பம் வேறு வகையான நீண்ட அலைக் கதிர்களாக இருக்கும். அவற்றைக் கண்ணாடி வெளியே விடாது.

பேர்லினுக்குச் சரி, பரந்தனுக்கு?

கண்ணாடிக் கூரையை விரும்பிய நாடுகளில் பல, வெளிச்சத்துக்கு ஏங்கும் நாடுகள். ஜேர்மனியின் பேர்லினில் டிசம்பர் மாத நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து வெறும் 14 பாகை உயரத்தில்தான் நிற்கும். யூன் மாதத்தின் மிக உச்ச நிலையிலும் 61 பாகைதான். யாழ்ப்பாணத்தில் வருடத்திலேயே மிகத் தாழ்வாக இருக்கும் டிசம்பர் மாதச் சூரியன்கூட நண்பகலில் 57 பாகை உயரத்தில் நிற்கிறது. அவர்களுடைய உச்சக் கோடையும் எங்களுடைய மார்கழியும் சூரியனின் உயரத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் வடபகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களின் நண்பகலில் பக்க யன்னல்களில் நேரடி வெயில் விழுவது குறைவு. பெரும்பகுதி கூரையில்தான். ஐரோப்பாவில் பக்கக் கண்ணாடிக்குக் கொடுக்க வேண்டிய கவனத்தை இங்கே கூரைக்குக் கொடுக்க வேண்டும்.

எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல

கூரைக் கண்ணாடிகளை நான்கு வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, வெப்பமூட்டி உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி. நிறம் மட்டும் ஏற்றப்பட்டிருக்கும். கண்கூச்சம் குறையும், வெக்கை கணிசமாக வரும். தோலைக் கருக்கும் கழியூதாக் கதிர்களிலும் ஒரு பகுதி வரும்.

இரண்டாவது, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி. முன்பக்கக் கண்ணாடிகள் இப்படித்தான் செய்யப்படுகின்றன. அந்தப் படலம் கழியூதாக் கதிர்களில் ஏறத்தாழ 99 வீதத்தைத் தடுத்துவிடும். உடைந்தாலும் துண்டுகள் தலையில் கொட்டாது. ஆனால் செங்கீழ்க் கதிர்களுக்கு இது தனியே போதாது. “99 வீதம் தடுக்கும்” என்று ஒருவர் சொன்னால், எதை என்று கேளுங்கள். அநேகமாகக் கழியூதாவாக இருக்கும். அது தோலுக்கும் கண்ணுக்கும் நல்லது. வெக்கைக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை.

மூன்றாவது, அந்த இரண்டு கண்ணாடிகளுக்கிடையே மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு இடப்பட்டது. வெள்ளி, ஒளியில் ஒரு பகுதியை விட்டுச் செங்கீழ்க் கதிர்களைத் திருப்பி அனுப்பும். உறிஞ்சிச் சூடாவதற்கும் திருப்பி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம், தகரத்துக்கும் அதன் மேல் போட்ட கிடுகுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போன்றது. சில கார்களில் இதோடு கண்ணாடியின் உட்பக்கத்திலும், சூடான கண்ணாடி கீழ்நோக்கி வெப்பம் வீசுவதைக் குறைக்கும் ஒரு பூச்சு இருக்கும். எங்கள் காலநிலைக்குக் கண்ணாடிக் கூரைதான் வேண்டுமென்றால் இந்த வகையைத்தான் தேட வேண்டும்.

நான்காவது, மின்சாரத்தால் நிறம் மாறும் கண்ணாடி. ஃபெராரி 2005 இல் சுப்பர் அமெரிக்கா காரிலும், மெர்சிடிஸ் பென்ஸ் 2011 இல் எஸ்.எல்.கே. காரிலும் இப்படியான கூரைகளைக் கொண்டுவந்தன. இன்று இன்னும் சில கார்களில் சுவிட்சை அழுத்தினால் கண்ணாடி பால் நிறமாக மாறுகிறது. இந்தப் பால் நிறம் ஒளியைச் சிதறவைப்பதால் கண்கூச்சத்துக்கு நல்ல மருந்து. ஆனால் சிதறிய ஒளியின் பெரும்பகுதி உள்ளேதான் வருகிறது. வெக்கையைக் குறைக்க அதற்கும் வெள்ளிப் பூச்சுப் போன்ற இன்னொன்று துணைக்கு வேண்டும்.

இன்னொரு கவலையையும் பலர் சொல்கிறார்கள்: கண்ணாடிக் கூரையால் பற்றரி சீக்கிரம் இறங்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூரையில் விழும் 1000 வாட்டில் ஒரு காரில் 40 வீதமும் இன்னொன்றில் 20 வீதமும் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 200 வாட் வெப்பம். ஏசி தான் எடுக்கும் மின்சாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தை வெளியே தள்ளக்கூடியது. ஆகவே மேலதிக மின்செலவு 100 வாட் அளவுதான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வர ஏழு மணித்தியாலம் எடுத்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்தை எட்டாது. பற்றரிக்குப் பெரிய நட்டமில்லை. நட்டம் கூரைக்குக் கீழே இருக்கிற மனிதருக்குத்தான்.

சிலருக்கு இது உடம்பைப் பற்றிய கேள்வி

ஆரோக்கியமான ஒருவருக்குத் தலைச்சூடு ஒரு சிரமம், அவ்வளவுதான். எங்கள் மண்ணில் எல்லோரும் அப்படி இல்லை.

எனது நெருங்கிய உறவினர் ஒருவருக்கு இறுதி யுத்தத்தில் ஷெல் துண்டு முதுகெலும்பில் பட்டது. மார்புக்குக் கீழே உணர்வில்லை. முள்ளந்தண்டு வடம் அப்படி மேற்பகுதியில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பது வெகுவாகக் குறையும் அல்லது இல்லாமலே போகும். வியர்வைதான் உடம்பின் குளிரூட்டி. அது வேலை செய்யாதபோது சாதாரண வெக்கையிலும் உடல் வெப்பநிலை ஏறிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வெயிலில் காய்ந்த ஆசனப் பட்டியின் உலோகக் கொளுவி தொடையில் பட்டாலும் அவருக்குச் சுடுவது தெரியாது. தோல் பொசுங்கிய பிறகுதான் மற்றவர்கள் காண்பார்கள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும் வாகனத்தின் கூரை எதனால் ஆனது என்பது அவரைப் பொறுத்தவரை முக்கியமான விடயம்.

செயற்கைக் கால் போட்டிருப்பவர்களுக்கு, வெட்டிய கால் முனை பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் மூடியிருக்கும். வெக்கையில் அங்கே வியர்த்து, உராய்ந்து, புண் வரும். ஆழமான எரிகாயத் தழும்புகளில் வியர்வைச் சுரப்பிகள் அழிந்திருக்கும், அந்தத் தோல் கழியூதாக் கதிர்களையும் தாங்காது. தலைக்காயத்துக்குப் பிறகு வெளிச்சம் பட்டால் தலையிடி வருபவர்கள் பலர். மரநிழல் விழுந்த வீதியில் கார் வேகமாகப் போகும்போது கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சமும் நிழலும் மாறிமாறி மினுங்கும். ஒளி மினுங்கலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அது ஆபத்தானது. இப்படியானவர்களை ஏற்றும் வாகனத்தில் கூரைக்குத் திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

கண்கூச்சத்தைப் பற்றி இன்னொரு குறிப்பு. ஆனையிறவைக் கடக்கும்போது நீரேரியிலும் உப்பளத்திலும் பட்டு வரும் கூச்சம் முன்னாலும் பக்கத்தாலும் வருவது. கூரைக்கு என்ன செய்தாலும் அது குறையாது. அதற்குச் சாரதி போலரைஸ்ட் குளிர்கண்ணாடி அணிவதே வழி. கூரையால் வரும் கூச்சம் வேறு. அது டாஷ்போர்டுத் திரையில் பட்டு எழுத்தைத் தெரியாமல் செய்யும், பின் ஆசனத்தில் படுத்திருக்கும் நோயாளியின் கண்ணில் நேரே விழும்.

நிறுத்திவைத்த கார்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் வெப்பநிலை சராசரியாக 22 பாகை செல்சியஸ் கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே கூடிவிட்டது. யன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

2018 இல் வெளியான அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு நிழலையும் வெயிலையும் ஒப்பிட்டது. கோடை வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்ற கார்களில் டாஷ்போர்ட் சராசரியாக 69 பாகை, ஆசனம் 51 பாகை. நிழலில் நின்றவற்றில் டாஷ்போர்ட் 48, ஆசனம் 41. நிழல் ஒன்றே டாஷ்போர்டில் 20 பாகைக்கு மேல் குறைத்திருக்கிறது. ஆனால் நிழலில் நின்ற காரும் பாதுகாப்பானதல்ல. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். எந்தக் கண்ணாடி, எந்தத் திரை இருந்தாலும் குழந்தையையோ எழுந்து நடக்க முடியாதவரையோ நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடத்துக்கும் விட்டுப் போகாதீர்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

அதே காரில் தகடுக் கூரை உள்ள ரகம் கிடைக்குமா என்பதே முதற் கேள்வி. விலை குறைந்த ரகங்களில் பெரும்பாலும் தகடுக் கூரைதான் இருக்கும். வெள்ளை நிறத் தகடும், அதன் கீழே காற்று இடைவெளியும், உட்கூரைத் துணியும் சேர்ந்தால் அநேகக் கண்ணாடிகளை விட நல்ல பாதுகாப்பு. விலை கூடிய ரகம் எங்கள் வெயிலுக்குச் சிறந்த ரகமாக இருக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக் கூரைதான் என்றால் மூன்றைக் கேளுங்கள். ஒட்டுக் கண்ணாடியா? உள்ளே வெள்ளிப் பூச்சு உண்டா? இழுத்து மூடும் திரை உண்டா? பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

பிறகு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நண்பகலில் காரை அரை மணித்தியாலம் வெயிலில் விட்டு, ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் உள்ளே இருங்கள். கூரைக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை மேல்நோக்கிப் பிடியுங்கள். இடையில் ஒரு காட்போட் மட்டையைச் செருகுங்கள், எடுங்கள். அந்த வித்தியாசந்தான் உங்கள் தலையில் நாள் முழுக்க விழப்போகும் வெப்பம். காட்சியறை விளக்குக்குக் கீழே எந்தக் கூரையும் குளிர்மையாகத்தான் இருக்கும்.

ஏற்கனவே வாங்கியவர்கள் செய்யக்கூடியவை

செலவில்லாதது நிழல். வேம்பு, மாமர நிழலோ கிடுகுக் கொட்டகையோ எந்த விலையுயர்ந்த தாளையும் விட மேலானது. தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம். ஒரு தேங்காய் போதும், கூரைக் கண்ணாடி மாற்றும் செலவு சாதாரணமானதல்ல. மரநிழல் இல்லாத இடத்தில் வெளிர் நிறத் துணியைக் காரின் மேலே விரிக்கலாம்.

அடுத்தது உட்பக்கத் திரை. வெள்ளி நிறப் பக்கம் மேல்நோக்கி, கண்ணாடியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒளியாக வந்ததை வெப்பமாக மாறுமுன் ஒளியாகவே திருப்பி அனுப்புவது அதன் வேலை. கறுப்பு வலைத் திரை கூச்சத்தைக் குறைக்கும், நேரடி வெயிலையும் மறைக்கும், ஆனால் தானும் சூடாகும். திரையைப் பொருத்தும்போது கூரையின் பக்க ஓரங்களை மறைக்காதீர்கள். பல கார்களில் விபத்தின்போது விரியும் காற்றுப்பைகள் அங்கேதான் மடிந்திருக்கின்றன.

மூன்றாவது ரின்ற் ஒட்டுத்தாள். இங்கேதான் காசு வீணாகிறது. கடைக்காரர் காட்டும் “செங்கீழ்க் கதிர் 95 வீதம் தடை” என்ற எண் பல வேளைகளில் அந்தக் கதிர்களின் ஒரு குறுகிய பகுதிக்கு மட்டுமே அளக்கப்பட்டது. நீங்கள் கேட்க வேண்டிய எண், மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை வீதம் தடுக்கப்படுகிறது என்பது. ஆங்கிலச் சுருக்கத்தில் டி.எஸ்.ஈ.ஆர். என்பார்கள். மிகக் கறுப்பான மலிவான தாளை விட, வெளிர் நிறச் செரமிக் தாளுக்கு இந்த எண் கூடுதலாக இருக்கலாம். உலோகம் கலந்த தாள் தொலைபேசி, ஜி.பி.எஸ். சமிக்ஞைகளைப் பாதிக்கக்கூடும். உறிஞ்சும் தாள் கண்ணாடியை மேலும் சூடாக்கும். ஓரத்தில் சிறு வெடிப்பு ஏற்கனவே இருந்தால் அது நீளக்கூடும். உட்பக்கத்தில் வெப்பம் வீசாத பூச்சு உள்ள கண்ணாடி என்றால் அதன் மேல் தாள் ஒட்டவே வேண்டாம். பூச்சின் பயன் கெட்டுவிடும். ஒட்டினால் உத்தரவாதம் தொடருமா என்பதையும் முதலில் கேளுங்கள்.

வெயிலில் நின்ற காரில் ஏறும்போது நாலு கதவையும் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். முதலில் யன்னலை இறக்கி ஓடி, உள்ளே தேங்கிய சூட்டுக்காற்று போன பிறகு மூடி, ஏசியை உட்காற்றைச் சுழற்றும் நிலைக்கு மாற்றுங்கள். உணர்வில்லாத கால்களோடு ஒருவர் பயணம் செய்வதென்றால், அவர் ஏறுமுன் ஆசனத்தையும் பட்டியின் கொளுவியையும் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். மடியில் ஒரு ஈரத் துணியும் போத்தலில் தண்ணீரும் இருக்கட்டும்.

கண்ணாடிக் கூரை வானத்தைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பின் ஆசனத்துப் பிள்ளைகளுக்கு அது சந்தோஷம்தான், இரவில் நட்சத்திரம் பார்க்கலாம். ஆனால் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு மத்தியானத்தில் போகும் பயணத்தில் அதே வானம் வேறு முகம் காட்டும். காசு கட்டுமுன் ஒருநாள் நண்பகலில் அந்தக் கூரைக்குக் கீழே, உங்கள் வீட்டில் வெக்கையை ஆகக் குறைவாகத் தாங்கக்கூடியவரை நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்து பாருங்கள்.